15 இன்ச்சா, 13-ஆ? ரைஃபிள் ரெயில் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஏஆர்-15 ரைஃபிளின் குழல் நீளங்கள் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் குழலைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, குழலைச் சுற்றிப் போடும் அலுமினிய உறையைப் பற்றித்தான் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். ஹேண்ட்கார்டு என்றும் ரெயில் என்றும் இரண்டு பெயரில் புழங்கினாலும் சாமான் ஒன்றுதான். சூடான குழலில் கை படாமல் பிடித்துக்கொள்ள ஒரு உறை, அதிலேயே லைட், பைபாட் (தாங்கி நிற்கும் இரட்டைக் கால்), முன்கைப்பிடி மாட்ட வழி, அவ்வளவே. அமெரிக்காவில் இருக்கிற வாசகர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆஸ்டின் வாசகர்: 16 இன்ச் குழல், மிட்-லெங்த் கேஸ் சிஸ்டம் உள்ள ரைஃபிள் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போவதோடு சரி. கூடவே வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு நல்ல ரெயில் போட ஆசை. கடைக்காரர் 15 இன்ச் போடு என்கிறார், நண்பர் 13 போதும் என்கிறார், யூடியூப்பில் ஒருவர் 9 இன்ச்தான் அழகு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூன்று பேரும் அவரவர் துப்பாக்கிக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் துப்பாக்கிக்கு அதில் ஒன்று நிச்சயம் ஒத்துவராது, அந்த 9 இன்ச். காரணம் கேஸ் பிளாக்.

குழலின் மேற்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். தோட்டா அதைத் தாண்டும்போது வெடிவாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக மேலேறி, மெல்லிய குழாய் ஒன்றின் வழியே பின்னால் வந்து போல்ட்டை (குழலின் பின்வாயை அடைத்துத் திறக்கும் பாகத்தை) இயக்குகிறது. அடுத்த தோட்டா தானாக ஏறுவது அதனால்தான். துளையின் மேல் உட்கார்ந்திருக்கும் இரும்புத் துண்டுதான் கேஸ் பிளாக். கார்பைன் முறையில் இந்தத் துளை ரிசீவரின் (குழல் வந்து சேரும் நடு உடலின்) முகப்பிலிருந்து 8 இன்ச்சுக்குச் சற்று உள்ளே வரும், மிட்-லெங்த்தில் 10 இன்ச்சை ஒட்டி, ரைஃபிள்-லெங்த்தில் 13 இன்ச்சைத் தாண்டி. எல்லாம் தோராயம்தான், ஆனால் ரெயில் வாங்க இந்தத் தோராயம் போதும்.

ஏன் இத்தனை வகை என்று கேட்பீர்கள். யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட் கம்பெனியில் இதை வடிவமைத்தபோது குழல் 20 இன்ச், துளையும் தள்ளித்தான் இருந்தது. பிறகு ராணுவம் குழலைக் குறுக்கிக்கொண்டே வந்தது, 1994-இல் வந்த எம்4-இல் 14.5 இன்ச் குழலும் கார்பைன் முறையும். ஆனால் அமெரிக்காவில் சாதாரண ஆள் தனிப் பதிவு எதுவும் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ரைஃபிளுக்குக் குழல் 16 இன்ச்சாவது இருக்க வேண்டும், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்திலிருந்து வரும் கட்டுப்பாடு அது. 16 இன்ச் குழலில் கார்பைன் துளை வைத்தால் இயக்கம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்றுதான் நடுவில் மிட்-லெங்த் என்று ஒன்று பிறந்தது. பழைய பிளாஸ்டிக் உறைகள் 7, 9, 12 இன்ச் என்று வருவதும் இந்த மூன்று வகைக்கும் கேஸ் பிளாக் வரை போய் நிற்கிற கணக்குதான்.

சரி, இப்போது உங்கள் ரைஃபிள். தாழ்வான கேஸ் பிளாக் என்றால் ரெயில் அதை முழுதாக மூடித் தாண்டிப் போக வேண்டும். மிட்-லெங்த்தில் கேஸ் பிளாக்கின் முன் ஓரம் பத்தேகால் இன்ச் பக்கம் வந்துவிடும், 9 இன்ச் ரெயில் போட்டால் அது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், 10 போட்டாலும் மூக்கு தெரியும். பார்க்க அசிங்கம் என்பது ஒரு பக்கம். ரைஃபிளிலேயே மிகவும் சூடாகிற இடங்களில் ஒன்று அது. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் மாட்டிவிட்டு, மூன்று மேகசின் (தோட்டாப் பெட்டி) சுட்ட பிறகு பையில் வைக்க முன்பக்கத்தைப் பிடித்தார், பெருவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆக உங்களுக்குக் கீழ் எல்லை 11, 12 இன்ச்.

மேல் எல்லையைக் குழல்வாயிலிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும். 16-இல் 15 போனால் மீதி 1 இன்ச், நிறைய இருக்கிற மாதிரித் தோன்றும். ஆனால் குழல்வாயில் மரை மட்டுமே 0.6 இன்ச் பிடிக்கும், ஃப்ளாஷ் ஹைடரை (தீப்பொறியைக் குறைக்கும் நுனித் துண்டை) திருகியதும் அது உள்ளே போய்விடும். வெளியே தெரியும் வெறும் குழல் அரை இன்ச்கூட இல்லை. வெறும் ஃப்ளாஷ் ஹைடர் என்றால் இது போதும், அதனால்தான் கடையில் ரெடியாக வரும் 16 இன்ச் ரைஃபிள்களில் நிறைய 15 இன்ச் ரெயிலோடு வருகின்றன. பக்கவாட்டில் நெருப்பைத் துப்பும் மசில் பிரேக் வைத்திருந்தால், அல்லது என்றாவது சப்ரெசர் (சத்தத்தை அடக்கும் குழாய்) போடும் எண்ணம் இருந்தால், இந்த நெருக்கம் தொல்லை. அதைப் பின்னால் ஒரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆக 12-க்கும் 15-க்கும் நடுவில் எது வேண்டுமானாலும் பொருந்தும். இனி முடிவு செய்ய வேண்டியது உங்கள் இடது கை. (இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், நானும் உங்கள் கட்சிதான்.) வீட்டில் மேகசினைக் கழற்றி, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்த்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, நீங்கள் வழக்கமாகச் சுடுகிற நிலையில் பாதுகாப்பான திசை பார்த்து ரைஃபிளைத் தோளில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று தடவை வைத்து எடுங்கள். முன்கை தானாகப் போய் உட்காரும் இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு, ரிசீவர் முகப்பிலிருந்து அளந்து பாருங்கள். கையின் முன் விளிம்புக்கு அப்பால் லைட்டுக்கு இரண்டு இன்ச் சேர்த்தால் உங்கள் ரெயிலின் நீளம் வந்துவிடும். எனக்கு அது 13 சொச்சம் வந்தது. பத்து வருடத்துக்கு முன்பே இதைச் செய்யாமல் படம் பார்த்து வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

அப்புறம் 15 எதற்கு என்றால், காரணங்கள் இருக்கின்றன. போட்டிகளில் மரச்சட்டம், டிரம் என்று எதன் மேலாவது ரைஃபிளைச் சாய்த்துச் சுடும்போது நீளமான ரெயில் கைகொடுக்கும். பைபாட் முன்னால் போகப் போக ஆட்டம் குறையும். இரும்பு சைட் (குறி பார்க்கும் முனைகள்) வைத்துச் சுடுகிறவர் என்றால் முன் சைட்டும் பின் சைட்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் குறித்தவறு கண்ணுக்குத் தெரியும். நீங்கள் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) வைத்து நின்றுகொண்டு சுடுகிறவர் என்று கடிதத்தில் இருக்கிறது. 13 அல்லது 13.5 வாங்குங்கள். உங்கள் நண்பர் சொன்னதுதான்.

அட்லாண்டா வாசகர்: என்னுடையது முக்கோண முன் சைட் நிரந்தரமாகப் பொருத்திய பழைய மாடல், கார்பைன் கேஸ். அதற்கும் நீளமான ரெயில் போட முடியுமா? குழலைத் தொடாத ரெயில் நல்லது என்கிறார்களே, அது நிஜமா?

அந்த முக்கோணம்தான் உங்கள் கேஸ் பிளாக், சைட்டும் அதுவே. அது உயரமாக நிற்பதால் சாதாரண ரெயில் அதன் மேல் போகாது. மூன்று வழி இருக்கிறது. முதலாவது, 7 இன்ச் ரெயிலோடு திருப்திப்படுவது. இரண்டாவது, மேலே வெட்டு விட்ட ரெயில்கள் கிடைக்கின்றன, முக்கோணம் அந்த வெட்டு வழியாக மேலே எட்டிப் பார்க்கும், ரெயில் அதையும் தாண்டி முன்னால் போகும். பார்க்க எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. மூன்றாவது, அந்தச் சைட்டைக் கழற்றி, தாழ்வான கேஸ் பிளாக் போடுவது, அல்லது இருப்பதையே மேலே அறுத்துத் தாழ்வாக்குவது. அதைப் பிடித்திருப்பவை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்த ஆணிகள், தப்பான பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டினால் இன்னும் இறுகும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, ஆமாம், நிஜம்தான். பழைய இரண்டு துண்டு உறை பின்னால் ஒரு ஸ்பிரிங் வளையத்திலும் முன்னால் குழலில் இருக்கும் தொப்பியிலும் மாட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் அதை அழுத்தினால், பைபாடில் சாய்ந்தால், ரைஃபிளின் தோள் பெல்ட்டை இழுத்துப் பிடித்தால், அந்த அழுத்தம் குழலுக்குப் போகிறது, குண்டு படும் இடம் நகர்கிறது. ஃப்ரீ-ஃப்ளோட் ரெயில் பின்னால் குழல் நட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு மீதி முழுக்கக் குழலைத் தொடாமல் நிற்கும். 50 கஜத்தில் ரெட் டாட் வைத்துச் சுடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம், 200 கஜத்தில் பெல்ட்டை இறுக்கிச் சுடுகிறவருக்கு உடனே தெரியும். ஒன்று கவனியுங்கள், குழல் நட்டு அந்தந்த ரெயிலோடுதான் வரும், ஒரு கம்பெனி ரெயிலை இன்னொரு கம்பெனி நட்டில் மாட்ட முயலாதீர்கள். எவ்வளவு இறுக்கமாக முறுக்க வேண்டும் என்ற அளவும் அவரவர் தாளில் இருக்கும், அதன்படி செய்யுங்கள்.

ராலே வாசகர்: 14.5 இன்ச் குழலில் ஃப்ளாஷ் ஹைடரை நிரந்தரமாக வெல்ட் வைத்து 16 ஆக்கிவிடலாம் என்கிறார் கடைக்காரர். குழல் அவரிடம்தான் இருக்கிறது, அடுத்த வாரம் வெல்ட். ரெயிலை நிதானமாகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?

கூடாது! போன் செய்து வெல்டை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு நேரத்தோடு வந்திருக்க வேண்டும்.

நிரந்தரமாக இணைத்த குழல்வாய்த் துண்டையும் சட்டம் குழலின் நீளத்தில் சேர்த்துக்கொள்கிறது, அந்த வழியில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் குழல் நட்டும் கேஸ் பிளாக்கும் ஏறுவது குழலின் முன்பக்கம் வழியாக. முன்னால் ஃப்ளாஷ் ஹைடர் வெல்ட் ஆகிவிட்டால் அதைத் தாண்டி எதுவும் ஏறாது, இறங்காது. வேறு ரெயில், அதற்கு வேறு நட்டு, அதற்கு வெல்டை அறுத்து, திரும்ப ஆணி அடித்து, திரும்ப வெல்ட் என்று ரெயில் விலைக்கு மேல் கூலி வரும். அதனால் இப்படிப்பட்ட குழலில் ரெயில்தான் முதலில். கேஸ் பிளாக் ஏற்றி, ரெயில் மாட்டி, முடிந்தால் சுட்டும் பார்த்துவிட்டு (அதுவரை அது சட்டப்படி குட்டைக் குழல் என்பதால் எப்படிச் செய்வது என்று கடைக்காரரோடு பேசிக்கொள்ளுங்கள், உரிமம் உள்ள மெக்கானிக்கே எல்லாவற்றையும் செய்து தருவது உத்தமம்) கடைசியாகத்தான் வெல்ட்.

நீளம் என்றால் 14.5-க்கு 13.5 வரை போகலாம், மீதி 1 இன்ச், மரைக்குப் போக அரை இன்ச்சுக்கும் குறைவு, 16-க்கு 15 போட்ட அதே கதைதான். மிட்-லெங்த் கேஸ் என்றால் 12-ம் நன்றாகவே மூடும். குட்டைக் குழலைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1934-லிருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் சப்ரெசருக்கும் பூஜ்யம் ஆகிவிட்டது. வரி போனதே தவிர விண்ணப்பமும் பதிவும் போகவில்லை. அனுமதி வருவதற்கு முன்னால் குட்டையாக்கினால் குற்றம்தான்.

ஃபீனிக்ஸ் வாசகர்: அடுத்த வருடம் சப்ரெசர் வாங்கப் போகிறேன். இப்போது ரெயில் வாங்கும்போதே என்ன பார்க்க வேண்டும்?

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் ரைஃபிளில் 16 இன்ச் குழல், 15 இன்ச் ரெயில். படத்தில் பார்த்தது அப்படித்தான், குழல் தெரியாமல் ஒரே கோடாக இருந்தால் அழகு என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து சப்ரெசர் வந்தது. சட்டென்று மாட்டிக் கழற்றும் வகை, அதன் பின்பக்கம் ஃப்ளாஷ் ஹைடரைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் வந்துதான் பூட்டும். பின்னால் வர இடம் எங்கே? ரெயிலின் உதட்டில் போய் இடித்தது. ரெயிலுக்குள் நுழையட்டும் என்றால் சப்ரெசரின் விட்டம் ஒன்றரை இன்ச்சும் அதற்கு மேலும், மெல்லிய ரெயில்களின் உள்விட்டம் அதைவிடக் குறைவு. ரெயிலை மாற்றினேன். இரண்டு ரெயில் காசு.

ஆகவே நீங்கள் குழல் நீளத்திலிருந்து இரண்டு, இரண்டரை இன்ச்சாவது குறைத்து வாங்குங்கள், 16-க்கு 13.5 சரியாக இருக்கும். எந்த சப்ரெசர் என்று முடிவாகிவிட்டால் அதன் மவுன்ட் குழல் தோளிலிருந்து (மரை முடியும் விளிம்பிலிருந்து) எவ்வளவு பின்னால் வருகிறது என்று தயாரிப்பாளரின் படத்திலேயே இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சப்ரெசரை உள்ளே நுழைக்கவென்றே வாய் அகலமான ரெயில்கள் இருக்கின்றன. அவை குட்டைக் குழல்காரர்களுக்கு, உங்களுக்குத் தேவையில்லை. இன்னொன்று, சப்ரெசர் நெருப்பாய்க் கொதிக்கும், ரெயில் நுனியில் கை வைக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

சான் அன்டோனியோ வாசகர்: ரெயிலில் சாமான் மாட்டும் முறைகளில் எது, பல் வைத்த பிக்காட்டினியா, துளை வைத்த எம்-லாக்கா? 13.5-க்கும் 15-க்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

ஒரு துளை வித்தியாசம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எம்-லாக் துளைகள் 40 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வரும், 13.5-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பது 38 மில்லிமீட்டர். ஆக நீங்கள் வாங்குவது ஒரு துளையும், அதோடு ஒரு அவுன்ஸ் போல எடையும். அந்த ஒரு துளையில் மாட்ட உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிக்காட்டினி என்பது நியூ ஜெர்சி ராணுவ ஆயுதக்கூடத்தின் பெயர், 1995-இல் ராணுவத் தரமாக எழுதப்பட்ட பல் வைத்த ரெயில். நாலு பக்கமும் பல் வைத்த ரெயில் உறுதி, ஆனால் கனம், கையையும் அறுக்கும். 2012-இல் கீமாட் என்ற இன்னொரு துளை முறை வந்தது, 2014-இல் மேக்புல் கம்பெனி எம்-லாக்கைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலம் இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டன, பிறகு அமெரிக்கக் கடற்படையின் கிரேன் ஆய்வுக்கூடம் சிறப்புப் படைகளுக்காகச் செய்து 2017-இல் வெளிவந்த சோதனையில் எம்-லாக் முன்னால் நின்றது, சந்தையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போது வாங்கினால் எம்-லாக்தான். மேலே ரிசீவரிலிருந்து தொடர்ந்து பல் ஓடுகிற ரெயிலாகப் பாருங்கள், இரும்பு சைட்டின் முன் பாதியை அதில் வைக்கலாம். ஸ்கோப் மவுன்ட்டை மட்டும் பாதி ரிசீவரிலும் பாதி ரெயிலிலும் வைக்காதீர்கள். ரெயில் அசையும், ரிசீவர் அசையாது, உங்கள் சீரோ (குறியோடு குண்டு படும் இடத்தை ஒத்துவைத்த அமைப்பு) நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ஹூஸ்டன் வாசகி: நான் 5 அடி 1 அங்குலம். கணவரின் ரைஃபிளை இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்தால் முன்பக்கம் தொங்கிவிடுகிறது. 15 இன்ச் ரெயில், நுனியில் லைட். "பழகிவிடும்" என்கிறார்.

பழகாது. முதலில் அந்த லைட்டைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். தோளிலிருந்து தள்ளிப் போகப் போக அதே எடை இன்னும் கனமாக இழுக்கும், கைக்குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நிறையப் பேர் ரெயில் எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, அதைவிடக் கனமான லைட்டையும் முன்கைப்பிடியையும் நுனியில் தொங்கவிடுவார்கள். லைட் இரண்டு துளை பின்னால் வரட்டும். குழல்வாயை ஒட்டி வைத்த லைட்டின் கண்ணாடியில் கரியும் சீக்கிரம் படியும், அதனால் அதுவும் லாபம்தான். ஆனால் ரொம்பப் பின்னால் தள்ளினால் ரெயிலின் நிழலே வெளிச்சத்தை மறைக்கும், இருட்டில் சுவரில் அடித்துப் பார்த்து நிறுத்துங்கள்.

கை நீட்டி ரெயிலின் நுனியைப் பிடிப்பது போட்டிக்காரர்களின் பாணி. ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குச் சட்டென்று திருப்ப அது உதவும், சில நொடிகளுக்கு. உங்களுக்கு மேகசின் கிணற்றிலிருந்து (மேகசினைச் செருகும் இடத்திலிருந்து) நாலைந்து இன்ச் முன்னால் பிடிப்பதே வசதி என்றால் அங்கேயே பிடியுங்கள். பின்கட்டையையும் ஒரு படி உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள், அதை நீட்டி வைத்துவிட்டு ரெயிலைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். உங்களுக்கென்று தனியாக ஒன்று வாங்குவதானால் மெல்லிய குழல், 12 இன்ச் ரெயில். கணவர் தன் 15-ஐ வைத்துக்கொள்ளட்டும்.

டொரன்டோ வாசகர், கோயம்புத்தூர் வாசகர் (இருவர் கேள்வியும் ஒன்றே): எங்களாலும் இதை வாங்க முடியுமா?

கனடாவில் 2020 மே 1-ஆம் தேதி ஆணையோடு ஏஆர்-15 தடை செய்யப்பட்டது. இந்தியாவில் இத்தகைய தானியங்கி-ஏற்று ரைஃபிள்கள் 2016 ஆயுத விதிகளில் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகின்றன, சாதாரண உரிமத்தில் கிடைக்காது. கோவைக்காரர் ரெயிலை மட்டும் அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி சூட்கேசில் கொண்டுவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறார், ஏர் ரைஃபிளில் பொருத்திப் பார்க்கவாம். ஐயா, வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தில் பாகங்களும் ஆயுதக் கணக்குதான், அமெரிக்கப் பக்கமும் துப்பாக்கிப் பாகங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. ஒரு அலுமினியக் குழாய்க்காக மைத்துனரை விமான நிலையத்தில் நிற்க வைக்காதீர்கள். தவிர, அது உங்கள் ஏர் ரைஃபிளில் பொருந்தவும் பொருந்தாது.